மின்சார ரதம்

குமணன்சாவடி என்ற பெயரைக் கேட்டதும், கொஞ்சம் தமிழ் படித்தவர்களுக்கு முதிர மலைக்கு அதிபதியாயிருந்த குமண வள்ளலின் ஞாபகம் வராமல் இராது. நாட்டைத் தம்பியிடம் பறிகொடுத்துவிட்டுக் காட்டில் இருந்தவன் அவன். பரிசில் நாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது. உடனே இடுப்பிலிருந்த வாளை உருவிப் புலவர் கையில் கொடுத்துவிட்டான்.

அப்பேர்ப்பட்ட பெயரைத் தாங்கிய ஊரில் நான் கேட்டது தலையன்று, வாளும் அன்று. சுவரில் மூன்று துவாரங்கள் உள்ள ஒரு பிளக் பாயிண்ட். அதைப் பெறுவதற்கு எனக்குப் பத்து மாதம் பிடித்தது. மின்சாரக் கார் வாங்கலாமா என்று வீட்டில் ஆலோசனை செய்துகொண்டிருக்கும் நேயர்களுக்கு உபயோகப்படும் என்ற எண்ணத்தினாலேயே அந்தச் சரித்திரத்தை இங்கே எழுதத் துணிந்தேன்.

2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் என் பழைய பெட்ரோல் வண்டி, "இனிமேல் என்னால் ஆகாது" என்று போரூர் சந்திப்பில் நடு ரோட்டில் சொல்லிவிட்டது. அடுத்தது மின்சார வண்டிதான் என்று நான் தீர்மானித்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அப்போது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. இரண்டாவது காரணம் கொஞ்சம் பெரியது. நம் தேசத்தில் எரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கடல் கடந்து வருகிறது. எங்கேயோ இரண்டு அரசர்கள் சண்டை போட்டுக்கொண்டால், குமணன்சாவடியில் கத்திரிக்காய் விலை ஏறுகிறது. இந்தத் தளையிலிருந்து ஒரு குடும்பமாவது விடுபட்டால் நல்லதல்லவா? 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது அவரிடமும் இப்படித்தான் பலர் கணக்குக் கேட்டிருப்பார்கள் என்று என் சகதர்மிணியிடம் எடுத்துச் சொன்னேன்.

அவள் நிதானமாக, "கப்பல் ஓட்டினவரைச் சிறையில் போட்டுச் செக்கிழுக்க வைத்தார்கள். உங்களை நம் குடியிருப்பு சங்கத்தார் என்ன செய்யப் போகிறார்களோ, அதையும் பார்த்துவிடுவோம்" என்றாள்.

பெண்களுக்குத் தீர்க்கதரிசனம் உண்டு என்பது பொய்யல்ல.

* * *

எங்கள் கட்டடத்தில் 24 குடும்பங்கள். கீழ்த்தளத்தில் வண்டிகள் நிற்கும் இடம். என் தூணில் ஒரு 15 ஆம்பியர் பிளக் வைத்துக்கொள்கிறேன், கம்பியும் என் செலவு, மின்சாரமும் என் மீட்டரிலிருந்து என்று சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டேன். வீட்டு இணைப்பிலிருந்தே வண்டிக்குச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய சர்க்கார் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிமுறைகளின் நகலையும் கூடவே வைத்தேன்.

சங்கத்தின் காரியதரிசி, கணக்கதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பிள்ளை கேட்டால்கூட ரசீது இல்லாமல் ஐந்து ரூபாய் கொடுக்க மாட்டார். அவர் மூன்று ஆட்சேபணைகளைக் கிளப்பினார்.

"ஸார், இந்த வண்டிகள் தீப்பற்றிக்கொள்கின்றன என்று பத்திரிகையில் போடுகிறார்களே?"

"பெட்ரோல் வண்டிகளும் பற்றிக்கொள்கின்றன, ஸார். அது பழக்கமான செய்தி என்பதால் பத்திரிகையில் போடுவதில்லை."

"நேற்று முளைத்த யந்திரம். நன்றாகப் பழகட்டும், பிறகு பார்க்கலாம்."

"நேற்றா? சென்னையில் மின்சார டிராம் 1895-இல் ஓட ஆரம்பித்து 1953 வரையில் ஓடியது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-இல் வந்துவிட்டது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டிய கார் எது தெரியுமா? பெல்ஜியம் தேசத்தவரான ஜெனாட்சி என்பவர் 1899-இல் ஓட்டிய மின்சாரக் கார். நம் தேசத்திலேயே பெங்களூரில் 2001-இல் ரேவா என்ற சின்ன மின்சாரக் கார் விற்பனைக்கு வந்ததே!"

சபையில் சிலர் தலையை ஆட்டினார்கள். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் காரியதரிசி மூன்றாவது அம்பை எடுத்தார்.

"இன்றைக்கு உங்களுக்குக் கொடுக்கிறோம். நாளைக்கு 24 பேரும் கேட்பார்கள். ஆளுக்கு 3 கிலோவாட் என்றாலும் 72 கிலோவாட். ஏர்கண்டிஷன், வாஷிங் மெஷின், மோட்டார் பம்பு எல்லாவற்றுக்கும் மேலே இது. நம் கட்டடத்துக்கு வரும் கேபிள் தாங்குமா?"

உண்மையைச் சொன்னால், இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது மனிதர்களுக்குக் கோபம் வருகிறது, எனக்கும் வந்தது. "பின்னால் பரிசீலிக்கப்படும்" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார்கள். சங்கங்களின் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்பது நேயர்களுக்குத் தெரியும்.

* * *

அந்தச் சமயத்தில் என்னைக் காப்பாற்றியவர் காட்டுப்பாக்கத்தில் தனி வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் மைத்துனர். "அத்திம்பேர், வண்டியை இங்கே கொண்டு வந்து விடுங்கள்" என்று தாராளமாகச் சொன்னார். இவ்விதமாக என் வண்டிக்கும் ஒரு மாமியார் வீடு ஏற்பட்டது. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் வண்டியை அங்கே விட்டுவிட்டு, மெட்ரோ ரயில் தூண்களின் அடியில் புழுதியைச் சுவாசித்துக்கொண்டு நடந்து வீடு திரும்புவேன். காலையில் மறுபடியும் நடந்து போய் அழைத்து வருவேன். கார் வாங்கியதற்குப் பிறகு நான் நடந்த தூரம், அதற்கு முன்னால் பத்து வருஷத்தில் நடந்ததைவிட அதிகம். டாக்டர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

முதல் நாளே வண்டி மக்கர் செய்தது. பிளக்கைச் சொருகினால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து சோதித்துப் பார்த்து, "எர்த் சரியில்லை ஐயா" என்றார். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் மிக்ஸியும் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஓடியிருக்கின்றன. இந்த வண்டி மாத்திரம் பூமாதேவியின் சம்பந்தம் இல்லாமல் ஒரு துளி மின்சாரம் பருக மாட்டேன் என்கிறது! தோட்டத்து மூலையில் ஆளுயரக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் விட்டபோது, அக்கம்பக்கத்தார் ஏதோ சாந்தி பரிகாரம் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். குழியை மூடியதும் பச்சை விளக்கு எரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புலனாயிற்று. அத்தனை வருஷமும் அந்த வீட்டில் எல்லாரும் ஆபத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது இந்த வண்டி.

அடுத்த சங்கடம் இரண்டு மாதம் கழித்து மின்சாரப் பில் ரூபத்தில் வந்தது. 2022 செப்டம்பர் முதல் அமலில் இருந்த கட்டண விகிதப்படி, வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட் என்று ஒரு லக்ஷ்மணக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறுவதோடு நிற்காது. கீழே 101 முதல் 200 வரையில் 2 ரூபாய் 25 காசாக இருந்ததும் 4 ரூபாய் 50 காசாகிவிடும். மைத்துனர் வீட்டில் வழக்கமாக 380 யூனிட் ஆகும். பில் 1,035 ரூபாய். என் வண்டி குடித்த 320 யூனிட்டும் சேர்ந்து 700 ஆயிற்று. பில் 3,650 ரூபாய்.

மைத்துனரின் மனைவி ஒன்றும் பேசவில்லை. பில்லைக் காப்பித் தம்ளருக்கு அடியில், தலைப்பு என் பக்கமாகத் தெரியும்படி வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த மௌனத்தில் ஆயிரம் வார்த்தைகள் இருந்தன.

அன்று இரவு என் சகதர்மிணி பென்ஸிலும் காகிதமுமாக உட்கார்ந்தாள். "அதிகமான 2,615 ரூபாயும் நம்முடையது. கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் வண்டி ஓடியது 2,000 கிலோமீட்டர். ஆகவே கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசு. பழைய வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது. அதே தூரத்துக்குப் பெட்ரோல் 14,600 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். மிச்சம் 12,000 ரூபாய். அதில் அண்ணிக்கு ஒரு புடவை வாங்கலாம், எனக்கும் ஒன்று வாங்கலாம்" என்றாள். வண்டியின் விலையில் நான் அதிகமாகக் கொடுத்திருந்த லக்ஷங்களை அவள் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

* * *

இந்த வண்டியின் குணாதிசயங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும்.

அதன் பாட்டரியில் சுமார் 30 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஒரு தடவை நிரப்பினால் 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பரிசோதனைச் சாலையில், ஏர்கண்டிஷன் இல்லாமல், அடக்க ஒடுக்கமாக ஓட்டினால் கிடைக்கும் கணக்கு அது. ஊருக்குள் எனக்குக் கிடைப்பது 200. அதிலும் ஒரு வேடிக்கை. பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் சிக்கனம், ஊருக்குள் ஊதாரி. இது நேர்மாறு. போரூரில் நின்று நின்று போகும்போது அதிகத் தூரம் வருகிறது. பூந்தமல்லியைத் தாண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் மளமளவென்று குறைகிறது. காரணம் இதுதான்: பிரேக் போடும்போது வண்டியின் மோட்டாரே டைனமோவாக மாறி, வேகத்தில் ஒரு பங்கைப் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தைப் போல் ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்கு. செலவழித்ததில் கொஞ்சம் திரும்பி வரும் என்ற வாக்குறுதியை நிறைவேற்றிய ஸ்தாபனம் என் அனுபவத்தில் இந்தப் பிரேக் ஒன்றுதான்.

இரண்டாவது குணம் மௌனம். சந்தில் மெதுவாகப் போகும்போது யாருக்கும் காதில் விழுவதில்லை. ரோட்டின் நடுவில் சயனித்திருக்கும் பசுமாடு, வண்டி மூக்கருகில் வந்து நின்ற பிறகு கண்ணைத் திறந்து, "நீ எப்போது வந்தாய்?" என்பதுபோல் பார்க்கும். ஹாரன் அடிப்பது நாகரிகமல்ல என்று எண்ணியிருந்த நான், இப்போது முனிசிபல் குப்பை வண்டியைப்போல் ஓசை செய்துகொண்டு போகிறேன்.

"புகையே இல்லை பாருங்கள்!" என்று ஒரு நாள் பெருமையடித்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டிருந்த மைத்துனரின் மகள், கல்லூரியில் படிப்பவள், "அத்தை வீட்டுப் புகை எண்ணூருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வாஸ்தவந்தானே? ராத்திரியில் நான் சொருகும் பிளக்கின் மறு நுனியில் வடசென்னையின் நிலக்கரியும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் எரிகின்றன. அங்கே சாம்பலைச் சுவாசிக்கிறவர்களும் நம் சகோதரர்களே. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும், கமுதியின் வெயிலும் அதே கம்பியில்தான் வருகின்றன. பெட்ரோல் வண்டி எத்தனை வயதானாலும் பெட்ரோலைத்தான் குடிக்கும். மின்சார வண்டியோ தேசத்தின் கம்பி சுத்தமாக ஆக ஆகத் தானும் சுத்தமாகும். சுதேசி விஷயத்திலும் இப்படியே. எண்ணெய்க்கு அரபு நாட்டை நம்பியவன், பாட்டரியின் செல்லுக்குச் சீனாவை நம்புகிறேன். 2023 பிப்ரவரியில் ஜம்முவில் ரியாசிப் பக்கம் லித்தியம் இருப்பதாக அறிவித்தபோது நானே தோண்டி எடுத்ததுபோல் துள்ளினேன். மண்ணுக்குள் இருப்பது வண்டிக்குள் வருவதற்கு நெடுநாள் உண்டு. என் கதர், பாதிக் கதர்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

* * *

வேலூரில் ஒரு கலியாணம். போகும்போது 120 கிலோமீட்டர். சுகமாகப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போதுதான் சோதனை. வாலாஜாபேட்டைக்கு அருகில் ஒரு ஹோட்டல் வாசலில் சார்ஜ் நிலையம் இருப்பதாகச் செல்போன் சொல்லிற்று. போய்ச் சேர்ந்தபோது பாட்டரியில் நூற்றுக்கு 11 பங்கு இருந்தது.

அங்கே இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் "வேலை செய்யவில்லை" என்று காகிதம் ஒட்டியிருந்தது. மற்றொன்றின் முன்னால் ஒரு டீசல் வண்டி ஜம்மென்று நின்றது. அதன் சொந்தக்காரர் உள்ளே சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாயசம் வரையில் எழுந்திருக்கவில்லை. அவர் வந்து வண்டியை எடுத்த பிறகு, செல்போனில் புதிதாக ஒரு செயலியை இறக்கி, பெயர், விலாசம், ரகசிய எண் எல்லாம் கொடுத்து, முன்பணம் கட்டினால்தான் மின்சாரம் வரும் என்று தெரிந்தது. ஏற்கெனவே வேறு மூன்று கம்பெனிகளின் செயலிகளில் நூறும் இருநூறுமாக என் பணம் தூங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்கில் நோட்டை நீட்டினால் போதும். இங்கே ஜாதகமே கொடுக்கவேண்டியிருக்கிறது.

அந்தச் சமயத்தில் பின்னால் இன்னொரு மின்சார வண்டி வந்து நின்றது. வாடகை வண்டி. ஓட்டி வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். நான் என் துன்பங்களையெல்லாம் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "ஐயா, உங்களுக்கு இது காத்திருப்பு. எனக்கு இது கூலி" என்றார். ஏழு மணிக்குள் விமான நிலையத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஒரு சவாரி போய்விடுமாம்.

அதற்கு மேல் நான் ஒன்றும் புலம்பவில்லை. 80 பங்கு நிரம்பினதும் குழாயை எடுத்துக் கொடுத்துவிட்டேன். 80-க்கு மேல் பாட்டரி மெதுவாகவே உள்வாங்கும். குறுகிய வாய்ச் செம்பில் கடைசிப் பாலை ஊற்றுவதைப்போல. அந்தக் கடைசி 20 பங்குக்காகப் பின்னால் நிற்பவர் வயிற்றில் அடிப்பது தர்மமல்ல. வீடு வந்து சேர அதுவே போதுமானதாக இருந்தது. புறப்படும்போது என் சகதர்மிணி கலியாண வீட்டுப் பட்சணத்தில் பாதியை அந்த ஓட்டுநரிடம் கொடுத்தாள்.

வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்தேன். சாவடி என்றால் என்ன? வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். எங்கள் பெருஞ்சாலையில் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று அடுத்தடுத்து இரண்டு ஊருக்கு அந்தப் பெயர். மாட்டு வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு, முன்பின் தெரியாதவனோடு கட்டுச் சோற்றைப் பங்கிட்டுக்கொண்ட இடம் அது. மோட்டார் வந்து அந்த வழக்கத்தை அழித்தது. மின்சார மோட்டார் வந்து திரும்பக் கொண்டுவந்து விட்டது!

* * *

2023 டிசம்பர் 3-ந் தேதி இரவு மழை பிடித்துக்கொண்டது. மிக்ஜாம் புயல். 4-ந் தேதி திங்கட்கிழமை பொழுது விடிந்தபோது எங்கள் தெரு தெருவாக இல்லை. மின்சாரம் போய்விட்டது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்துத் தண்ணீரையும் அடையாற்று வெள்ளத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். ஆகையால் வண்டியை முன்னதாகவே மேட்டில் நிறுத்தியிருந்தேன். பாட்டரியில் 27 பங்கு இருந்தது. அன்றிரவு காட்டுப்பாக்கத்தில் விடுவதாக உத்தேசம். ஆனால் அங்கேயும் இருட்டு.

"பார்த்தீர்களா? பெட்ரோல் வண்டியாயிருந்தால் இந்தக் கவலை உண்டா?" என்று கட்டடத்தில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயில்லை.

மறுநாள் காலை எதிர் வீட்டுப் பையன் தயங்கித் தயங்கி வந்து, "மாமா, உங்கள் வண்டியில் செல்போன் சார்ஜ் பண்ணிக்கொள்ளலாமா?" என்று கேட்டான். எனக்கு அப்போதுதான் மூளையில் பொறி தட்டிற்று. பாட்டரியில் ஒரு பங்கு என்பது பதினைந்து இருபது செல்போன்களுக்குப் போதுமே! அரை மணிக்குள் வண்டியைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். 24 வீட்டுச் செல்போன்களும் முறைவைத்து வந்தன. வந்தவர்களில் கடைசியாக, குடையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றவர் காரியதரிசி.

அவருடைய முகத்தைப் பார்த்ததும் என் மனத்திலிருந்த பரிகாசமெல்லாம் ஓடிவிட்டது. அவருடைய ஒரே பெண் வேளச்சேரியில் இருக்கிறாள். நிறைமாத கர்ப்பிணி. திங்கட்கிழமை காலையிலிருந்து பேச்சே இல்லை. இவருடைய செல்போன் அன்று மத்தியானமே உயிரை விட்டுவிட்டது.

சார்ஜ் ஏறியதும் மொட்டை மாடிக்குப் போய், ஒரு மூலையில் சிக்னல் கிடைக்கும் வரையில் மழையில் நின்றார். மூன்றாவது தடவை மணி அடித்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து, மாடியில் ஒருவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்களாம். புதன்கிழமை காலை படகு வருகிறதாம். மேட்டுக்கு வந்துவிட்டால் யாராவது வந்து அழைத்துப் போக முடியுமா என்று மாப்பிள்ளை கேட்டாராம்.

காரியதரிசியின் வண்டி கீழ்த்தளத்துத் தண்ணீரில் நின்றது. அதைக் கிளப்பக்கூடாது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவருக்கு நா எழவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

என் சகதர்மிணிதான், "கிண்டி வரையில் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

சுமார் 15 கிலோமீட்டர். போக வர 30. தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுற்றிப் போனால் 35. வண்டியில் இருப்பது 22 பங்கு. எல்லாம் சரியாயிருந்தால் 44 கிலோமீட்டர். திரும்பி வந்த பிறகு சார்ஜ் செய்ய ஊரில் மின்சாரம் இல்லை. அன்றிரவே பிரசவ வலி கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமே, அதற்கும் மீதி வேண்டும். ஆயுளில் நான் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன். அன்றைக்குப் போட்ட கணக்கைப்போல் கை நடுங்கப் போட்டதில்லை.

புதன்கிழமை, 6-ந் தேதி காலை, நானும் காரியதரிசியும் புறப்பட்டோம். ஏர்கண்டிஷனை நிறுத்தினேன். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு மேல் தெரிந்த இடங்களில் வண்டியைத் திருப்பி வேறு வழியாகப் போனேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பங்கு குறைந்தது. கணக்கதிகாரியாயிருந்த காரியதரிசி, முன் பலகையில் தெரிந்த எண்ணை ஐந்தொகை ஏட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு, "பதினேழு... பதினாறு..." என்று முணுமுணுத்தார். நந்தம்பாக்கம் தாண்டியதும், "ஸார், அன்றைக்கு மீட்டிங்கில் நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"நீங்கள் சொன்னது நியாயமான கேள்வி, ஸார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் விஷயம்" என்றேன். உண்மையும் அதுதானே?

கிண்டியில் அந்தப் பெண் ஒரு கடை வாசலில், நனைந்த புடவையோடு, கையில் ஒரு பையுடன் உட்கார்ந்திருந்தாள். தகப்பனாரைக் கண்டதும், "அப்பா, வண்டி சத்தமே கேட்கவில்லையே!" என்றாள். அவர் ஒன்றும் பேசாமல் அவள் தலையில் கையை வைத்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது 6 பங்கு பாக்கி. அன்றிரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. நல்ல வேளையாக வலி காணவில்லை. வியாழக்கிழமை மின்சாரம் வந்தது. பெண் குழந்தை பிறந்ததோ பதினொரு நாள் கழித்து, சாவகாசமாக, தானே நல்ல நாள் பார்த்துக்கொண்டு.

* * *

டிசம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. காரியதரிசி எழுந்து தாமே ஒரு தீர்மானத்தைப் பிரேரேபித்தார். கீழ்த்தளத்தில் நாலு பிளக் பாயிண்டுகள், தனி மீட்டர், ஒழுங்கான எர்த் குழி, நாலு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் சொருகக்கூடாது, இரவு 10 மணிக்கு மேல் முறைவைத்து உபயோகிக்கவேண்டும், அவரவர் யூனிட்டுக்கு அவரவர் பணம், ரசீதுடன். 72 கிலோவாட் என்று என்னைத் திணற அடித்த கேள்விக்கு, 12 கிலோவாட்டில் அவரே விடை கண்டுபிடித்திருந்தார். நாலு பாயிண்டையும் வாசற்படி மட்டத்துக்கு மேல், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும் என்றும் சேர்த்திருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

உட்காருவதற்கு முன்னால், "இன்னும் ஒரு வாக்கியம்" என்றார். "பகலில் பிளக்குகள் சும்மா இருக்கும். உணவுப் பொட்டலம் கொண்டு வரும் பையன்களில் சிலர் மின்சார ஸ்கூட்டரில் வருகிறார்கள். அவர்களில் யாராவது அரை மணி நேரம் கேட்டால் கொடுக்கலாம் என்று அபிப்பிராயப்படுகிறேன். அந்தச் செலவைச் சங்கக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்."

ரசீது இல்லாமல் ஐந்து ரூபாய் கொடுக்காத மனிதர் இதைச் சொன்னார். சபையில் சற்று நேரம் நிசப்தம். பிறகு எல்லாரும் கை தட்டினோம்.

இன்றைக்கும் மத்தியான வேளையில் கீழே போனால், பெரும்பாலும் ஒரு ஸ்கூட்டர் எங்கள் தூணருகில் நிற்கிறது. அதன் சொந்தக்காரப் பையன் படிக்கட்டில் உட்கார்ந்து தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பான். காரியதரிசியின் பேத்தி அவனுடைய ஹெல்மெட்டைத் தட்டித் தட்டி விளையாடுகிறாள். என் வண்டி இப்போது மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் சாயங்கால நடையை நான் விடவில்லை, டாக்டர் கேட்பார்.

மின்சார வண்டி வாங்கலாமா என்று கேட்கும் நேயர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முதலில் எர்த்தைப் பாருங்கள்; பிறகு 500 யூனிட் கோட்டைப் பாருங்கள்; அதற்குப் பிறகு அண்டை வீட்டுக்காரரோடு சிநேகமாயிருங்கள். மூன்றில் கடைசியானதுதான் கஷ்டம், அதுதான் முக்கியம்.